குஞ்சியப்பு இறைச்ச கிணறு

வெறும் பாத்திரத்தைக் கண்டால் அந்த மனுசனுக்குக் கை சும்மா இராது. குடமோ, செம்போ, மாட்டுத் தொட்டியோ, கோழிக்குத் தண்ணி வைக்கிற சிரட்டையோ, எதெண்டாலும் நிரப்பிப்போட்டுத்தான் மற்ற வேலை. நிரப்புறதெண்டால் விளிம்பு மட்டுக்கும் இல்லை, வழிஞ்சு நிலம் நனையவேணும். அப்பதான் அவற்ரை முகத்திலை ஒரு திருப்தி வரும்.

எங்களைப் பெத்த ஐயாவின்ரை கடைசித் தம்பி அவர். எங்களுக்குக் குஞ்சியப்பு. பேரைச் சொல்லமாட்டன். சொன்னால் ஊரிலை இப்பவும் நாலு பேர் முகத்தைச் சுழிப்பினம். அவையள் சுழிக்கிறதிலை நியாயமில்லை எண்டும் என்னாலை சொல்லேலாது, அதுதான் பெரிய கவலை.

மயிலிட்டிக் கடல் இரைஞ்சால் எங்கடை வளவிலை நிண்டு கேக்கலாம், அவ்வளவு கிட்ட. அப்பிடி இருந்தும் எங்கடை கிணறு நல்ல தண்ணிக் கிணறு. கரைப்பக்கம் போகப் போக எல்லாம் உப்புச் சவர். சோறு வெந்தாலும் பருப்பு வேகாத தண்ணி. எங்கடை குறிச்சியிலை குடிக்கக்கூடிய தண்ணி இருந்த கிணறுகள் கொஞ்சம். அதிலையும் எங்கடைதான் இனிப்பெண்டு சனம் சொல்லும். ஐயாவுக்கும் குஞ்சியப்புவுக்கும் அது பங்குக் கிணறு. ஒருநாள் எங்கடை முறை, அடுத்த நாள் அவற்ரை முறை. குடிக்கிறதுக்கு எந்த நாளும் ரெண்டு வீடும் அள்ளலாம், தோட்டத்துக்கு இறைக்கிறதுக்குத்தான் முறை.

துலா தெரியாத ஆக்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுப் போறன். உயர்ந்த ரெண்டு கால், அதுக்குக் குறுக்காலை நீளமான மரம். அதுதான் துலா. ஒரு முனையிலை கயிறும், பனையோலையாலை இழைச்ச பட்டையும் தொங்கும். ஒராள் மரத்திலை ஏறி முன்னுக்கும் பின்னுக்கும் நடக்க, பட்டை கிணத்துக்கை இறங்கி ஏறும். கீழை நிக்கிற ஆள் அதைப் பிடிச்சு வாய்க்காலிலை ஊத்துவார். குஞ்சியப்பு துலாவிலை நடக்கிறதைப் பாத்தால் கோயில் வீதியிலை காத்து வாங்கப் போற ஆள் மாதிரி இருக்கும். களைப்பெண்டதே இல்லை. களைச்சிருந்தால் எவ்வளவு நல்லாய் இருந்திருக்கும்.

கிணத்தடியிலை அவரிட்டை அம்பிட்டால் நாங்கள் துலைஞ்சம். குளிக்க வாக்கிறன் எண்டு தொடங்கினால் அள்ளி அள்ளி ஊத்துவார். பல்லுக் கிடுகிடுக்கும், விரலெல்லாம் சூம்பிப்போகும்.

"காணும் குஞ்சியப்பு, போதும்."

"சூடு இன்னும் இறங்கேல்லைப் பிள்ளை. இன்னும் ரெண்டு வாளி."

காணும் எண்ட சொல்லு அவற்ரை காதிலை ஏறாது. பந்தியிலை சோறு போட விட்டாலும் இதே கூத்துத்தான். இலையைக் கையாலை மறைச்சால் கைக்கு மேலை போடுவார். குஞ்சியம்மா, அவற்ரை மனுசி, சிரிச்சுக்கொண்டு சொல்லுவா: "ஆரும் கேட்டால் இந்த மனுசன் ஒருநாளைக்கு என்னையும் தூக்கிக் குடுத்துப்போடும்." அவவுக்குப் பிள்ளை குட்டி இல்லை. மனுசன்தான் எல்லாம்.

அந்தக் காலத்திலை எல்லாச் சாதிச் சனமும் எங்கடை துலாவிலை கை வைக்கேலாது. வேலியோரம் குடத்தை வைச்சுப்போட்டு, ஆரெண்டாலும் வந்து அள்ளி ஊத்துமட்டும் பாத்துக்கொண்டு நிப்பினம். கேவலமான வழக்கம். நான் இப்ப சொல்லுறன், அப்ப ஆரும் சொல்லேல்லை, குஞ்சியப்புவும் சொல்லேல்லை. மற்ற வீடுகளிலை மத்தியானம் மட்டும் நிண்டாலும் ஒருத்தரும் திரும்பிப் பாராயினம். இவர் சோத்துக் கையோடை எழும்பி ஓடுவார். இடக்கையாலை கயித்தைப் பிடிச்சு அள்ளி, நிண்ட குடமெல்லாத்தையும் நிரப்பிப்போட்டு வந்துதான் மிச்சச் சோத்தைத் தின்னுவார். அதுக்குள்ளை குழம்பு ஆறிப்போயிருக்கும். குஞ்சியம்மா புறுபுறுத்துக்கொண்டு திரும்பச் சூடாக்குவா. இதையெல்லாம் பாத்து வளந்ததாலை எனக்கு அந்த மனுசனிலை உயிர். அதை முதல் சொல்லிப்போட வேணும்.

ஐயா தண்ணி கட்டுற விதம் வேறை. வாய்க்காலிலை மண்வெட்டியோடை நிண்டு, பாத்தி நனைஞ்சவுடனை மறிச்சு அடுத்ததுக்கு விடுவார். குஞ்சியப்புவின்ரை பாத்தியிலை மீன் விடலாம். மிளகாய்க் கண்டு வேரழுகிச் சாகும். "தண்ணி குடுத்தும் செத்துப்போச்சு, பாவம்" எண்டு நிண்டு கவலைப்படுவார். குடுத்ததாலைதான் செத்ததெண்டு ஒருநாளும் அவற்ரை புத்தியிலை படேல்லை. அவற்ரை முறைக்கு அடுத்த நாள் ஐயா துலாவிலை ஏறினால் பட்டை சேத்திலை இடிக்கும்.

"தம்பி, உன்ரை முறையிலை என்ரை முறையையும் சேத்து இறைக்கிறாய்."

"விடிய ஊறும்தானே அண்ணை."

"ஊறும். ஊறுறதுக்கு நேரம் விடு."

"கடவுள் தாற தண்ணிக்குக் கணக்குப் பாக்கச் சொல்லுறியளே?"

ஐயா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குப் போவார். அவர் கதையிலை வல்லவர் இல்லை. குஞ்சியப்பு சொல்லுற சொல்லு எல்லாம் கேக்க நல்லாய் இருக்கும், ஐயா சொல்லுறது கசவாரத்தனமாய், கஞ்சன்ரை கதையாய்க் கேக்கும். ஊரும் அப்பிடித்தான் எடுத்துது. தம்பிக்குத் தாராள மனசு, தமையனுக்குக் கைக்கடி எண்டு எங்கடை காதுபடவே கதைப்பினம். எனக்கும் ஐயாவிலை கோவம் வரும்.

இப்ப பள்ளிக்கூடப் புத்தகத்திலை இதுக்குப் படம் கீறி வைச்சிருக்கினம். எங்கடை பக்கத்திலை ஆறு இல்லை, மழைதான் எல்லாம். மழைத் தண்ணி சுண்ணாம்புக் கல்லுக்குள்ளாலை இறங்கி, அடியிலை கிடக்கிற கடல் தண்ணிக்கு மேலை நிக்குமாம். மேலை நிக்கிறதை அளவாய் அள்ளினால் காலத்துக்கும் நல்ல தண்ணி. அளவு தப்பினால் கீழை கிடக்கிறது எழும்பி வருமாம். படம் கீறினால் லேசாய் விளங்குது. எங்களிட்டை அப்ப படம் இல்லை. கிணத்துக்கு அடியிலை தட்டையாய்க் கிடக்கிற அடிக்கல்லிலை கை வைக்கப்படாது எண்ட ஒரு பேச்சு மட்டும் இருந்தது. ஏனெண்டு கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. தோண்டின ஆக்கள் அதோடை நிப்பாட்டினவை, நாங்களும் நிப்பாட்டுறம், அவ்வளவுதான்.

வெள்ளைக்காரன்ரை பெரிய சண்டைக் காலத்திலை ஒரு வருசம் மாரி பொய்ச்சுப்போச்சு. நாலு தூத்தல் விழுந்தது, பேந்து வெய்யில்தான். சித்திரை வரேக்கை பூவரசு கூட வாடினது. ஒவ்வொரு கிணறாய் வத்த, சனம் எங்கடை ஒழுங்கைப் பாதைக்குத் திரும்பிச்சுது. விடிய எழும்பிப் பாத்தால் வேலி நீளத்துக்குக் குடம்.

ஐயா தம்பியைக் கூப்பிட்டுச் சொன்னவர்: "ரெண்டு வீடும் தோட்டத்தை விடுவம். பொயிலை போனால் போகட்டும். வாற சனத்துக்கு வீட்டுக்கு ஒரு குடம் குடுப்பம். கிணறு மழை மட்டும் தாங்கும்."

குஞ்சியப்பு ஓம் எண்டவர். பொயிலையை விட்டவர், அது உண்மை. ஆசையாய் வளத்த கண்டெல்லாம் கண்ணுக்கு முன்னாலை சுருண்டு விழ, ஒரு பட்டைத் தண்ணி இறைக்கேல்லை. தனக்கு எண்டால் அவராலை எதையும் நிப்பாட்ட ஏலும். மற்றவைக்கு நிப்பாட்டத்தான் தெரியாது. வீட்டுக்கு ஒரு குடம் எண்ட கதை ஒரு கிழமை கூட நிலைக்கேல்லை. கரைப்பக்கத்திலை இருந்து கைக்குழந்தையோடை ஒரு பெட்டை வருவாள். என்ரை வயசுதான் இருக்கும்.

"அண்ணை, பிள்ளைக்கு வயித்தாலை போகுது. இன்னும் ஒரு குடம் தாங்கோவன்."

ஆர் இல்லையெண்டு சொல்லுவினம்? நான் எண்டாலும் குடுத்திருப்பன். அவளுக்கு ஊத்தினதைப் பின்னாலை நிண்டவள் பாத்தாள். அவளுக்கும் ஒரு காரணம் இருந்தது. எல்லாருக்கும் காரணம் இருந்தது, ஒண்டும் பொய்க் காரணம் இல்லை. குஞ்சியப்பு காலமை பிடிச்ச துலாக்கயித்தைப் பொழுதுபடத்தான் விடுவார். கிணறு ஊற ஊற அள்ளினார். பேந்து ஊறுறது பிந்திச்சுது. பேந்து, அள்ளினால் சேறு வந்துது. கடைசியிலை நிண்ட ஆக்கள் வெறுங்குடத்தோடை திரும்பிப் போகேக்கை அவர் அவையளைப் பாராமல் மற்றப் பக்கம் திரும்பி நிண்டதைக் கண்டனான். முகம் செத்துப்போய் இருந்தது.

அண்டைக்குப் பின்னேரம் எங்கடை வீட்டுக்கு வந்தவர்.

"தண்ணி இல்லாமல் இல்லை அண்ணை. கல்லு மறிச்சுக்கொண்டு கிடக்கு. கல்லை உடைச்சால் வரும்."

"அடிக்கல்லிலை கை வைக்காதை."

"ஏன்? ஒரு காரணம் சொல்லுங்கோ, விட்டிடுறன்."

ஐயாவுக்குக் காரணம் தெரியாது. "உடைச்சால் பேந்து ஒட்டேலாது" எண்டு மட்டும் சொன்னார்.

"வெளியிலை வந்து அந்தச் சனத்திட்டை இதைச் சொல்லுங்கோவன்" எண்டு குஞ்சியப்பு வேலிப் படலையைத் திறந்து காட்டினார். ஒழுங்கையிலை பெண்டுகள் இருந்தவை. அந்தப் பெட்டையும் பிள்ளையை மடியிலை கிடத்திக்கொண்டு இருந்தவள். ஐயா எழும்பிப் போய்ப் படலையடியிலை நிண்டு பாத்தார். கன நேரம் பாத்தார். திரும்பி வந்து சால்வையை உதறித் தோளிலை போட்டுக்கொண்டு, "செய்யிறதைச் செய்" எண்டுபோட்டு உள்ளுக்குப் போயிட்டார்.

பட்டாளத்துக்கு நிலம் துப்புரவாக்கிக் கல்லுடைக்க வந்த ஆக்கள் அந்த நேரம் ஊரிலை நிண்டவை. அவையளிலை ஒருத்தனைக் குஞ்சியப்பு கூட்டிக்கொண்டு வந்தார். அவன் கிணத்துக்கை இறங்கித் துளை போட்டு, வெடி மருந்தை அடைஞ்சு, திரியைக் கொளுத்திப்போட்டு ஏறி ஓடிவந்தான். நிலம் ஒருக்காக் குலுங்கிச்சுது. கோழியெல்லாம் வேலிக்கு மேலாலை பறந்துதுகள். புகை அடங்கினவுடனை குஞ்சியப்பு எட்டிப் பாத்தார். நாங்களும் எட்டிப் பாத்தம். அடியிலை தண்ணி சுழண்டு சுழண்டு ஏறுது.

அந்தச் சந்தோசத்தை எப்பிடிச் சொல்லுறது. பெண்டுகள் குரவை வைச்சினம். குஞ்சியம்மா ஓடிப்போய்க் கற்பூரம் கொண்டுவந்து கிணத்துக் கட்டிலை கொளுத்தினா. ஊர்ப் பெரியவை குஞ்சியப்புவின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு, நீர் மனுசனில்லை, தெய்வம் எண்டு சொல்லிச்சினம். அவர் கையை விடுவிச்சுக்கொண்டு போய்த் துலாக்கயித்தைப் பிடிச்சார். கூப்பிட்டுக் கூப்பிட்டு ஊத்தினார். ஆடு மாட்டுக்கு ஊத்தினார். வாடின பூவரசுக்கு ஊத்தினார். அள்ள அள்ளக் குறையேல்லை. ஐயா மட்டும் கிணத்தடிப் பக்கம் வரேல்லை. எரிச்சல் எண்டு சனம் சொல்லிச்சுது.

பிறகு நடந்ததை நினைச்சால் சிரிக்கிறதோ அழுகிறதோ தெரியாது. ஒரு நாள் குஞ்சியம்மா வைச்ச குழம்பு உப்புக் கரிச்சுது. ரெண்டுதரம் உப்புப் போட்டிட்டன் ஆக்கும் எண்டு தலையிலை அடிச்சுக்கொண்டா. அடுத்த நாள் எங்கடை வீட்டிலை. நான்தான் கறி வைச்சது. "எந்த ஞாபகத்திலை அடுப்படியிலை நிக்கிறாய்?" எண்டு அம்மாவிட்டைப் பேச்சு வாங்கினன். பக்கத்து வீட்டிலை மனுசன் கோப்பையைத் தூக்கி எறிஞ்ச சத்தம் கேட்டுது. குறிச்சி முழுக்கப் பொம்பிளையள் கைப்பிழை எண்டு ஏச்சு வாங்கிச்சினம். நாங்களும் எங்கடை கையைத்தான் சந்தேகப்பட்டம். உப்பைக் குறைச்சுப் போட்டம். பிறகு போடாமலே விட்டம். அப்பவும் கிணத்திலை ஒருத்தருக்கும் சந்தேகம் வரேல்லை. தெய்வம் எண்டு கற்பூரம் கொளுத்தின கிணறெல்லே.

கடைசியிலை சொன்னது அந்தக் கரைப்பக்கத்துப் பெட்டைதான். பிறந்ததிலை இருந்து சவர்த் தண்ணி குடிச்சு வளந்த நாக்கு. கையிலை ஏந்தி ஒரு மிடறு குடிச்சாள். குடத்தைக் கவிட்டாள்.

"அண்ணை, இது எங்கடை கிணத்துத் தண்ணி."

பகிடி எண்டு நினைச்சுக் குஞ்சியப்பு சிரிச்சார். அவள் சிரிக்கேல்லை. பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாத்திக்கொண்டு வந்த வழியாலை போயிட்டாள். குஞ்சியப்பு பட்டையிலை வாயை வைச்சுக் குடிச்சார். திரும்பவும் குடிச்சார். பிறகு கிணத்துக் கட்டிலை இருந்திட்டார்.

அதோடை விட்டிருந்தாலும் ஏதும் மிஞ்சியிருக்கும். அவராலை விட முடியேல்லை. எலி செத்தால், குப்பை விழுந்தால், கிணத்தைக் கலக்கி இறைக்கிறது எங்கடை வழக்கம். ஊத்தைத் தண்ணியை முழுக்க இறைச்சு வெளியிலை விட்டால் புதுத் தண்ணி ஊறும். உப்பையும் அப்பிடி இறைச்சுப்போடலாம் எண்டு அவர் நம்பினார். அவர் மட்டுமில்லை, அப்ப எல்லாரும் நம்பினம். முதல் நாலைஞ்சு நாள் ஊர் ஆம்பிளையள் முறை வைச்சு மாறி மாறித் துலா மிதிச்சவை. இறைக்க இறைக்கத் தண்ணி கூடக் கரிச்சுது. ஆக்கள் ஒவ்வொருத்தராய்க் கழண்டுபோச்சினம். குஞ்சியப்பு நிப்பாட்டேல்லை. கீழை நிண்டு பட்டை பிடிக்க ஆளில்லாமல் குஞ்சியம்மா பிடிச்சா. இறைச்ச தண்ணி அவற்ரை தோட்டத்தை நிறைச்சு, எங்கடை தோட்டத்துக்கும் வந்துது. காய்ஞ்ச இடமெல்லாம் மண் வெள்ளையாய்ப் பூத்துது. எத்தினை தலைமுறை எருவும் குழையும் தாட்டுச் சேத்த மண்.

பிறகு பக்கத்துக் கிணறு சவர்த்துது. அதுக்கு அடுத்ததும். ஊர் திரண்டு வந்துது. தெய்வம் எண்டு கையைப் பிடிச்ச அதே ஆக்கள்தான்.

"இறங்கும் காணும். எங்கடை கிணறுகளையும் துலைச்சுப்போட்டீர்."

"இன்னும் கொஞ்சம்தான், நல்ல தண்ணி வந்திடும்" எண்டு மேலை நடந்துகொண்டே சொன்னார். அப்பதான் ஐயா கிணத்தடிக்கு வந்தவர். வெடி வைச்ச பிறகு அண்டைக்குத்தான் வந்தார். மடியிலை இருந்த கத்தியை எடுத்துத் துலாக்கொடியை அறுத்தார். பட்டை கிணத்துக்கை விழுந்துது. தம்பி மேலை நிண்டு பாத்தார், தமையன் கீழை நிண்டு பாத்தார். ரெண்டு பேரும் அழுதவை. ஐயா அழுததை நான் அதுக்கு முதல் கண்டதில்லை.

அடுத்த மாரி நல்லாய்ப் பெய்தது. எல்லாரும் கிணத்தைப் பாத்துக்கொண்டு இருந்தம். மேல் தண்ணி கொஞ்ச நாள் குடிக்கக்கூடியதாய் இருந்தது. தை பிறந்து வெய்யில் ஏறத் திரும்பவும் உப்பு. எங்கடை குறிச்சிக்கு அதோடை நல்ல தண்ணி இல்லை எண்டு ஆச்சு. வளவிலை நிண்ட மாதுளை பட்டுப்போச்சு. மாடுகளை வித்தினம். ஏலுமான குடும்பங்கள் நீர்வேலி, உடுப்பிட்டி எண்டு சொந்தக்காரர் இருந்த பக்கம் போச்சினம். எங்களிட்டைப் போக இடமில்லை. தெற்காலை ஒரு மைல் தள்ளி ஒரு தோட்டக் கிணறு. அங்கை போய் நிக்கவேணும். கிணத்துக்காரன் தடியோடை நிண்டு வீட்டுக்கு ஒரு குடம் விடுவான். ரெண்டாவது குடம் கேட்டால் தகப்பன் தாயையும் சேத்து ஏசுவான். பாவம் பாக்கத் தெரியாத சாதியெண்டு சனம் மண்ணள்ளித் திட்டும். அந்தக் கிணறு சவர்க்கேல்லை. நல்ல மனசுக்காரன்ரை கிணறு செத்துப்போச்சு, அந்தக் கல்நெஞ்சன்ரை கிணறு ஊருக்குத் தண்ணி குடுத்துது. இதிலை பிள்ளையளுக்கு எதைப் படிப்பிக்கிறது எண்டு எனக்குத் தெரியேல்லை.

குஞ்சியப்புவும் அந்த வரிசையிலை நிண்டவர். ஒருத்தரும் அவரோடை கதையாயினம். அவரும் தலை நிமித்தமாட்டார். குனிஞ்சு போய், ஒரு குடம் வாங்கி, தோளிலை வைச்சுக்கொண்டு குனிஞ்சே வருவார்.

ஒருநாள் மத்தியானம் திரும்பியும் ஆளைக் காணேல்லை. குஞ்சியம்மா வேலியிலை இருந்த பொட்டு ஓட்டைக்குள்ளாலை என்னைக் கூப்பிட்டா.

"பிள்ளை, கொப்பர்ரை தம்பி எங்கையும் விழுந்து கிடக்கிறாரோ தெரியேல்லை, ஒருக்காப் பாத்திட்டு வாறியே?"

ஒழுங்கையிலை காணேல்லை. திரும்பி வரேக்கை எங்கடை கிணத்தடியிலை நிண்டவர். அந்தக் குடத்தைக் கிணத்துக் கட்டிலை வைச்சுச் சரிச்சு, நூல் மாதிரி மெல்ல மெல்லக் கிணத்துக்கை ஊத்திக்கொண்டு நிண்டார். ஒரு துளி வெளியிலை சிந்தாமல் ஊத்தினார். நான் கிட்டப் போறதுக்குள்ளை குடம் முடிஞ்சுது.

"என்ன குஞ்சியப்பு செய்யிறியள்?"

"நல்ல தண்ணி பிள்ளை. கொஞ்சம் கொஞ்சமாய்க் குடுத்தால் மாறும்." ஒரு கயித்திலை செம்பைக் கட்டி இறக்கி அள்ளி என்ரை கையிலை தந்தார். "குடிச்சுப் பார். உன்ரை வாய் புது வாய்."

குடிச்சன். தொண்டை எரிஞ்சுது.

"உப்புத்தான் குஞ்சியப்பு."

அவர் தலையை ஆட்டினார். "ஒரு நாளிலை மாறாது. நேற்றும் முந்தநாளும் பாதிதான் ஊத்தினனான், வீட்டுக்கு வேணும் எண்டு. இண்டைக்குத்தான் முழுக்க ஊத்தியிருக்கு. நாளைக்குப் பாப்பம்."

வெறுங்குடத்தை அவரிட்டை இருந்து வாங்கிக்கொண்டு நான் அவற்ரை வீட்டுக்குப் போனன். குஞ்சியம்மா அரிசியைச் சுளகிலை புடைச்சு வைச்சுப்போட்டு, அடுப்பை மூட்டி, வெறும் பானையை ஏத்தாமல் மடியிலை வைச்சுக்கொண்டு படலையைப் பாத்தபடி இருந்தா.